சோறும் சர்க்கரையும்: எது முந்தியது?

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஏதோ ஒரு ஊர். நாற்பது வயதைத் தாண்டிய எல்லோரிடமும் ஒரே வாரத்தில் இரண்டு கேள்விகள் கேட்டு எழுதிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம்: இரவில் என்ன சாப்பிடுகிறீர்கள்? உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா? விடைகளைத் தொகுத்துப் பார்த்தால், சப்பாத்தியும் கோதுமை தோசையும் சாப்பிடுகிறவர்களிடையே சர்க்கரை நோய் மிகுதியாகவும், சோறு சாப்பிடுகிறவர்களிடையே குறைவாகவும் தென்பட எல்லா வாய்ப்பும் உண்டு. அதைக் கொண்டு, கோதுமைதான் நோயைக் கொண்டுவந்தது என்று யாராவது எழுதினால் ஊரில் ஒருவரும் ஒப்பமாட்டார். சர்க்கரை இருப்பது தெரிந்தது. டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். இரவுச் சமையல் மாறியது. நோய் முந்தி, சப்பாத்தி பிந்தி. இந்த ஒன்றில் எது முன்னே எது பின்னே என்பது ஊரறிந்த செய்தி என்பதால் பிழையான முடிவிலிருந்து தப்பித்தோம். நோய்களைப் பற்றிய பெரும்பாலான கேள்விகளில் அந்த வரிசை யாருக்கும் தெரியாது. வயல் வேலையை விட்டதால் ரத்த அழுத்தம் கூடியதா, உடம்புக்கு முடியாமல் போனதால் வயல் வேலையை விட்டாரா? தூக்கம் கெட்டதால் மனச்சோர்வா, மனச்சோர்வால் தூக்கம் கெட்டதா? ஒரே ஒருமுறை எடுக்கும் கணக்கெடுப்பு, எத்தனை ஆயிரம் பேரிடம் எடுத்தாலும், இதற்கு விடை தராது. நோய் வருவதற்கு முன்பே மனிதர்களைச் சந்தித்து, அளந்து, எழுதிவைத்து, அதே மனிதர்களிடம் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் போகும் ஆய்வு வேண்டும். ஆய்வாளர்கள் அதைக் கோஹார்ட் ஆய்வு என்பார்கள். காவிரிப் படுகைக்கு அப்படி ஓர் ஆய்வு, அதுவும் ஒரு தலைமுறையைத் தாண்டி நிற்கும் ஆய்வு தேவை என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

படுகையில் சோற்றைப் பற்றிய கேள்வி எளிதானதன்று. கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் இங்கே மூன்று மாற்றங்கள் ஒன்றோடொன்று பின்னி நடந்தன. முதலாவது, விளைச்சல். நாட்டின் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு 1960இல் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அதையடுத்து, ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.டி.டி. 27 குறுவை வயல்களில் பரவியது. பின்னர் ரேஷன் கடை அரிசியும் சேர்ந்து, அரைவயிற்றுக் காலத்தை அறிந்திருந்த கூலிக் குடும்பங்களுக்கும் மூன்று வேளைச் சோறு வந்தது. அது பெரிய நன்மை. அதைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. இரண்டாவது, ஆலை. உரலில் குத்தியும் சின்ன மில்லில் அரைத்தும் உண்ட அரிசியின் இடத்தில், தவிடு முழுக்க நீங்கிப் பளபளக்கும் அரிசி வந்தது. மூன்றாவது, உழைப்பு. அறுத்து, கட்டுக் கட்டி, தலையில் சுமந்து, களத்தில் அடித்த வேலையை இப்போது அறுவடை இயந்திரம் ஓரிரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. “எங்க அப்பா மூணு வேளையும் சோறுதான் சாப்பிட்டார், அவருக்குச் சர்க்கரையா வந்தது?” என்று பெரியவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அந்த அப்பாவின் ரத்தத்தை யாரும் சோதித்திருக்கமாட்டார்கள் என்பது ஒருபுறம். அவர் உண்ட சோறு வேறு, அதை எரித்த உடம்பின் வேலை வேறு என்பது மறுபுறம். சோற்றின் அளவு எவ்வளவு பொறுப்பு, தீட்டல் எவ்வளவு, வேலை குறைந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவேண்டும். மூன்றும் ஊர் முழுவதும் ஒரே காலத்தில் மாறியதால், ஊர்ச் சராசரிகளை வைத்து அதைப் பிரிக்க முடியாது. ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டை முன்கூட்டியே குறித்துவைத்து, யாருக்கு நோய் வருகிறது என்று காத்திருந்து பார்ப்பதே வழி.

அப்படிக் காத்திருந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் வி. மோகன் தலைமையிலான மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2001இல் ‘க்யூர்ஸ்’ என்ற ஆய்வைத் தொடங்கியது. முதல் கட்டத்தில் 26,001 பேர். அவர்கள் உண்ணும் கலோரியில் கிட்டத்தட்டப் பாதி தீட்டிய தானியத்திலிருந்து, அதிலும் பெரும்பகுதி வெள்ளை அரிசியிலிருந்து வந்தது தெரிந்தது. பத்தாண்டு கழித்து அவர்களில் ஒரு பகுதியினரைத் தேடிப் பிடித்துச் சோதித்த முடிவுகள் 2015இல் வெளிவந்தன. தொடக்கத்தில் சர்க்கரை அளவு இயல்பாக இருந்தவர்களில் நூற்றுக்கு 45 பேர் பத்தாண்டுக்குள் சர்க்கரை நோய்க்கோ அதற்கு முந்தைய நிலைக்கோ நகர்ந்திருந்தார்கள். முந்தைய நிலையில் இருந்தவர்களில் நூற்றுக்கு 59 பேருக்கு நோயே வந்துவிட்டது. ஓராண்டில் ஆயிரம் பேரில் 22 பேருக்குப் புதிதாக நோய் என்ற வேகம் அப்போதுதான் தெரிந்தது. ஒரு நகரத்தில் எத்தனை சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்கள் என்பதை ஒருமுறைக் கணக்கெடுப்பு சொல்லும். எவ்வளவு வேகமாக உருவாகிறார்கள், யாரிடமிருந்து உருவாகிறார்கள் என்பதை இந்த வகை ஆய்வு மட்டுமே சொல்லும். இதே அறக்கட்டளையும் பங்கேற்ற ‘ப்யூர்’ என்ற பன்னாட்டு ஆய்வு இன்னும் நேராக அரிசியிடமே போனது. 21 நாடுகளில், தொடக்கத்தில் சர்க்கரை நோய் இல்லாத 1,32,373 பேரை சராசரியாக 9.5 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 6,129 பேருக்கு நோய் வந்தது. நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு உண்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்டவர்களைவிட நோய் வரும் வாய்ப்பு 20 விழுக்காடு அதிகம். தெற்காசியாவை மட்டும் தனியே எடுத்தால் 61 விழுக்காடு அதிகம். ‘தொடக்கத்தில் நோய் இல்லாத’ என்ற சொற்கள்தான் இதில் உயிர்நாடி. நோய் வந்ததால் சோற்றைக் குறைத்தவர்கள் இந்தக் கணக்கைக் குழப்ப வழியில்லை.

இந்த இடத்தில் வலுவான மறுப்பு ஒன்று எழும். சோறு அதிகம் உண்பவர்கள் பருப்பும் காய்கறியும் வாங்க வசதியில்லாதவர்களாக இருக்கலாம். நோய்க்குக் காரணம் வறுமையே, சோறு அதன் அடையாளம் மட்டுமே என்று சொல்லலாம். பின்தொடர்ந்து பார்க்கும் எந்த ஆய்வுக்கும் இது உள்ளார்ந்த குறைதான். வயது, எடை, படிப்பு, உழைப்பு, குடும்பத்தில் நோய் என்று அளந்தவற்றுக்கு ஈடுகட்டிக் கணக்கிடலாம், அளக்காதவற்றுக்கு முடியாது. ஆனால் இதை வைத்து ஆய்வையே ஒதுக்குவதாயிருந்தால், புகைபிடித்தல் நுரையீரல் புற்றுநோயைத் தருகிறது என்பதையும் ஒதுக்கவேண்டியிருக்கும். அதை நிலைநாட்டிய சான்றுகளில் முதன்மையானது, 1951இல் பிரிட்டனில் தொடங்கிய மருத்துவர்கள் ஆய்வு; அதுவும் பின்தொடர்ந்து பார்த்ததுதான். யாரையும் முப்பது ஆண்டு புகைக்கச் சொல்லிச் சோதனை செய்ய முடியாது. சோற்றிலும் அப்படியே. முடிந்த இடத்தில் சிறிய சோதனையைச் சேர்த்துக்கொள்ளலாம். சென்னையில் அதிக எடையுள்ளவர்களுக்குச் சில நாட்கள் தீட்டாத அரிசியும் சில நாட்கள் வெள்ளை அரிசியும் கொடுத்துப் பார்த்தபோது, தீட்டாத அரிசி உண்ட நாட்களில் ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நீண்ட ஆய்வு காட்டிய தொடர்பும், குறுகிய சோதனை காட்டிய உடலியக்கமும் ஒரே திசையில் நிற்கும்போது நம்பிக்கை கூடுகிறது. அதே சமயம், ‘ப்யூர்’ ஆய்வில் சீனாவில் இந்தத் தொடர்பு கிட்டத்தட்ட இல்லை என்பதையும் மறைக்கக்கூடாது. அங்கே உண்ணும் அளவு குறைவு. கூட உண்பவை வேறு. செய்யும் வேலை வேறு. ஓரிடத்தின் முடிவை அப்படியே இன்னோரிடத்தில் நடமுடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். சென்னை மாநகரின் எண்களை வைத்து மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் தீர்ப்பு எழுதலாகாது. புழுங்கல் அரிசியும் பழைய சோறும் நடவு வேலையும் உள்ள இடத்தில் அவற்றோடு சேர்த்துத்தான் அளக்கவேண்டும்.

அளப்பது சிரமமான வேலை என்பதையும் பார்க்கவேண்டும். சர்க்கரை நோயை முறையாகக் கண்டறிய, வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்து, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள். விடியற்காலையில் நீராகாரம் குடித்துவிட்டு நடவுக்குக் கிளம்பும் பெண்ணுக்கு அந்த இரண்டு மணி நேரம் என்பது அன்றைய கூலி. நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் போகவேண்டும், அல்லது கூலியை ஈடுகட்டவேண்டும். இதைச் செய்யாவிட்டால் வேலைக்குப் போகாதவர்களே சோதனைக்கு வருவார்கள். உழைக்கும் உடம்புகள் ஆய்விலிருந்து காணாமல் போய்விடும். எவ்வளவு சோறு உண்கிறார் என்பதும் அவ்வாறே. ‘இரண்டு கரண்டி’ என்பது வீட்டுக்கு வீடு மாறும். களப்பணியாளர் ஒரே அளவுள்ள கிண்ணத்தைக் கையோடு கொண்டுபோகவேண்டும். பழைய சோற்றில் தண்ணீர் எவ்வளவு, பருக்கை எவ்வளவு என்று பிரிக்கத் தெரிந்திருக்கவேண்டும்.

சோறு மட்டுமே கதை என்றும் எண்ணிவிடக்கூடாது. இதைத் தமிழ்நாட்டுக்குக் கற்பித்தது வேலூர். கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் கீழ்வைத்தியணான்குப்பம் வட்டாரக் கிராமங்களிலும் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பிறப்பு எடையையும் நீளத்தையும் பதிந்துவைத்தது. பின்னர் குழந்தைப் பருவத்திலும் வளரிளம் பருவத்திலும் அவர்களை மறுபடி அளந்தது. தொடங்கியபோது கேள்வி கருவுறுதலையும் பிரசவத்தையும் பற்றியது. சர்க்கரை நோய் யார் மனதிலும் இல்லை. 1998க்கும் 2002க்கும் இடையில், முப்பதை ஒட்டிய வயதிலிருந்த 2,218 பேரைக் கண்டுபிடித்துச் சோதித்தபோது, சிறுவயதில் ஒல்லியாக இருந்து பின்னர் எடை கூடியவர்களிடம் சர்க்கரை கட்டுப்பாடு கெட்டிருப்பது அதிகம் தென்பட்டது. டெல்லியில் அதே காலத்தில் பிறந்தவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2004இல் இதையே இன்னும் தெளிவாகச் சொன்னது: இரண்டு வயதுவரை மெலிந்திருந்து, பிறகு சீராக எடை ஏறியவர்களே முப்பது வயதில் நோயின் பிடிக்குள் வந்தார்கள், பன்னிரண்டு வயதில் அவர்களில் ஒருவரும் குண்டாக இருக்கவில்லை. முப்பது வயதுக்காரரிடம் போய் ‘ஒரு வயதில் எவ்வளவு எடை இருந்தீர்கள்’ என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? தாயின் நினைவிலும் அது இருக்காது. 1970இல் ஒரு செவிலியர் தராசில் வைத்துப் பார்த்து எழுதிய எண்ணுக்கு மாற்று கிடையாது. அரைவயிற்றுக் காலத்தில் கருவுற்ற தாய்மார்களின் பிள்ளைகள் நிறைசோற்றுக் காலத்தில் வளர்ந்த படுகைக்கு இந்தக் கண்டுபிடிப்பு மிக நெருக்கமானது. தாத்தாவுக்கு வராத சர்க்கரை பேரனுக்கு ஏன் வருகிறது என்பதற்கான பாதி விடை, பேரனின் தட்டில் தேடினால் கிடைக்காமல் போகலாம். அவன் பிறந்த எடையில் இருக்கலாம்.

முடிவு தெரிய முப்பது ஆண்டு ஆகுமென்றால் இன்று நோயில் கிடப்பவருக்கு என்ன பயன், அந்தப் பணத்துக்கு மாத்திரை வாங்கலாமே என்று கேட்பார்கள். மாத்திரை கட்டாயம் வாங்கவேண்டும். ஆனால் அவசரத்தில் எடுத்த முடிவு எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்கு வட தமிழ்நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. பிரிட்டனில் வளரிளம் வயதினரிடையே நடந்த சோதனையில் பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயிலிருந்து ஐந்தில் நான்கு பங்கு பாதுகாப்புத் தந்தது. அந்த எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் ஏறத்தாழ 3.6 லட்சம் மக்கள் வாழ்ந்த பரப்பில் சோதனையைத் தொடங்கியது. 2.8 லட்சம் பேருக்குத் தடுப்பூசியோ மருந்தில்லாத போலி ஊசியோ போடப்பட்டது. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை ஊர் ஊராகப் போய் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்தார்கள். பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999இல் முழுமையாக வெளிவந்தது: பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயிலிருந்து பாதுகாப்பு இல்லை, சிறுவர்களுக்கு 27 விழுக்காடு மட்டுமே. (கைக்குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுப்பதால் பிறந்தவுடன் பி.சி.ஜி. போடுவது இன்றும் தொடர்கிறது, அதை விடக்கூடாது.) வேறொரு நாட்டின் எண்ணை நம்பிப் பெரியவர்களுக்கெல்லாம் ஊசி போட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவோடு ஒப்பிட்டால், அந்தப் பதினைந்து ஆண்டுச் செலவு சிறியது. நெல் நாட்டு மக்களுக்கு இந்தப் பொறுமை புதிதுமல்ல: கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயலில், ஒரே பாத்திக்கு ஒரே உரத்தை நூறாண்டைத் தாண்டியும் இட்டு மண்ணைப் பார்த்துவருகிறார்கள்.

நோய் வந்தபிறகு ஆராய்ந்துகொள்ளலாம் என்பவர்கள் இலங்கையைப் பார்க்கவேண்டும். வட மத்திய மாகாணத்தில், குளத்துப் பாசனத்தில் நெல் பயிரிடும் அநுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளில், 1990களின் நடுவிலிருந்து விவசாயிகள் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். சர்க்கரையும் இல்லை, ரத்த அழுத்தமும் இல்லை. வழக்கமான காரணம் ஒன்றுமே பொருந்தவில்லை. பூச்சிமருந்தா, கிணற்று நீரின் ஃப்ளூரைடா, கன உலோகமா, வெயிலில் உடல் நீர் வற்றுவதா என்று பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தும் ஒருமித்த முடிவு இல்லை. சிறுநீரக நோய் அறிகுறி காட்டுவதற்குள் பாதிக்குமேல் சேதமாகிவிடுகிறது. அந்த மனிதர் இருபது வயதில் எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார், எந்த மருந்தை எந்தக் கையால் தெளித்தார் என்பது எங்கும் எழுதப்படவில்லை. படுகையிலும் அதே பயிர், அதே வெயில், அதே தெளிப்பான். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தின் தென்னைகளைச் சாய்த்தபோது எத்தனை குடும்பங்களின் பிழைப்பு ஒரே இரவில் போனது என்பதைக் கண்டோம். அது அவர்களுடைய ரத்த அழுத்தத்தையும் தூக்கத்தையும் எவ்வளவு காலம் பாதித்தது என்பதைச் சொல்ல, புயலுக்கு முந்தைய அளவு கையில் இருந்திருக்கவேண்டும்.

ஆட்கள் ஊரிலேயே தங்குவார்களா என்பது அடுத்த ஐயம். படுகையின் இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். வேலூரிலேயே ஐந்தில் ஒரு பங்கினரைத்தான் முப்பதாண்டு கழித்துச் சோதிக்க முடிந்தது. இழந்தவர்களின் பிறப்பு எடையும் கிடைத்தவர்களின் பிறப்பு எடையும் பெரிதும் வேறுபடுகின்றனவா என்று ஒப்பிட்டு, முடிவு எவ்வளவு சாய்ந்திருக்கலாம் என்று கணிக்க வழி உண்டு. கைபேசி எண் இருக்கும் காலத்தில் தேடுவதும் முன்போல் கடினமில்லை. மாறாக, இடத்தை மட்டும் பின்தொடர்வது இங்கே நம்பத்தக்கதில்லை. பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினமும், பின்னர் திருவாரூரும், 2020இல் மயிலாடுதுறையும் பிரிந்தன. மாவட்ட வாரியான புள்ளிவிவரத்தை முப்பதாண்டுக்கு ஒப்பிட நினைப்பவருக்கு ஒப்பிட மாவட்டமே இல்லை. மனிதரையும் ஊரையும் பிடித்துக்கொண்டவர்களுக்குப் பலன் கிடைத்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்த ஊர்களில் ஒன்று, இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்துப் பாலக்குறிச்சி. அதே ஊருக்கு 1930களிலும் பிறகும், 2019இலும் ஆய்வாளர்கள் திரும்பிப் போனார்கள். நிலம், கூலி, சாதி ஆகியவற்றில் ஒரு நூற்றாண்டு மாற்றம் ஒரே ஊரின் வழியாகத் தெரிகிறது. அவர்கள் ரத்த அழுத்தத்தை அளக்கவில்லை. அளக்க ஊர் இடம் கொடுக்கும் என்பதைக் காட்டிவிட்டார்கள்.

மிகக் கனமான மறுப்பு அறம் சார்ந்தது. நோய் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது மனிதத்தன்மையா? அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை கிரந்தி நோயுள்ள கறுப்பின ஆண்களைச் சிகிச்சை தராமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பென்சிலின் வந்தபிறகும் தரவில்லை. அந்தக் கொடுமையை நினைவில் வைத்திருப்பவர் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. நிலமில்லாத் தலித் குடும்பங்கள் நிறைந்த படுகையில் இது இன்னும் கூர்மையாகிறது. நாட்டாமையோ தலைவரோ சொன்னதால் கையை நீட்டுவது சம்மதம் ஆகாது. சோதனையில் நோய் தெரிந்தால் அன்றே சொல்லவேண்டும், சிகிச்சைக்கு அனுப்பவேண்டும், மருந்து கிடைத்ததா என்று பார்க்கவேண்டும். அதனால் நோயின் இயல்பான போக்கு மாறி ஆய்வின் கூர்மை குறையும். குறையட்டும். சிகிச்சை பெற்றவர்களின் போக்கும் அறிவுதான். நம் அரசு மருத்துவம் எவ்வளவு வேலை செய்கிறது என்று அறிய அதைவிட நல்ல வழி இல்லை.

அதற்கான கட்டுமானத்தில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். இதுவே போதுமே என்று தோன்றலாம், போதாது. மாத்திரை வாங்குகிறவரின் பெயர்தான் மாதாமாதம் ஏட்டில் ஏறும், நோயில்லாத பக்கத்து வீட்டுக்காரர் அப்படி ஏறமாட்டார். யாருக்கு நோய் வரவில்லை என்பது தெரியாமல் யாருக்கு ஏன் வந்தது என்பது தெரியாது. இதைவிடப் பொருத்தமான தொடக்கம் பிக்மி பதிவு. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஓர் எண் கொடுத்து, தாயின் எடை, ரத்தசோகை, கர்ப்பகாலச் சர்க்கரை, குழந்தையின் பிறப்பு எடை எல்லாவற்றையும் கிராம சுகாதார செவிலியர்கள் பதிகிறார்கள். வேலூரில் ஒரு கல்லூரி பத்தாயிரம் குழந்தைகளுக்குச் செய்ததை மாநிலம் முழுவதற்கும் இவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். செவிலியரின் சுமை கூடிக்கொண்டே போகிறது என்பதும் உண்மை, ஆகவே ஆய்வுக்குத் தனிப் பணியாளர்கள் வேண்டும். கல்லணைக்குக் கீழே ஓர் ஒன்றியம், கடைமடையில் ஓர் ஒன்றியம், கடலோரத்தில் ஓர் ஒன்றியம் எடுத்துக்கொள்ளலாம். அவற்றில் பிக்மி எண்ணோடு பிறந்த பிள்ளைகளைப் பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடு சேர்த்து, இரண்டு வயதிலும், பள்ளியில் சேரும்போதும், பத்தாம் வகுப்பிலும், பதினெட்டில் அவர்களே சம்மதம் தந்தபிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் அளக்கவேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியும் திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகளும் சுழற்சியில் பொறுப்பேற்கலாம். உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து, எந்த அரிசி, எத்தனை கிண்ணம், எத்தனை நாள் வயல் வேலை. இவ்வளவுதான் முதல் படிவம். இரண்டாவது சுற்றுக்கு வரும்போது எந்தக் கேள்வியையும் நீக்கக்கூடாது, சொற்களைக்கூட மாற்றக்கூடாது. புதியதைக் கடைசியில் சேர்க்கலாம்.